யாவ ஊரு?

பெங்களூர் நீலசந்திராவின் தமிழர்களுக்கு லஞ்சம் என்பது பணச் செலவு மட்டுமல்ல. தாங்கள் இந்த ஊரில்தான் வாழ்கிறோம் என்பதற்கு வாங்கும் ரசீது.

இரண்டே சொல்தான் கேள்வி. கன்னடத்தில் ‘யாவ ஊரு?’ என்றால் ‘எந்த ஊர்?’ என்று பொருள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் நட்புக்காகக் கேட்பார். கல்யாண வீட்டில் மரியாதைக்காகக் கேட்பார்கள். ஆனால் அதே கேள்வி தாலுகா ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே இருந்து வரும்போது, நீலசந்திரா பஜார் தெருவில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே பேரன் பேத்தி எடுத்தவரும் ஒரு கணம் தடுமாறுகிறார். ‘இதே ஊர்தான்’ என்றால் உச்சரிப்பு காட்டிக் கொடுக்கிறது. ஆம்பூர், திருவண்ணாமலை என்று தாத்தாவின் ஊரைச் சொன்னால், அங்கே அவருக்கு ஒரு ரேஷன் கார்டுகூடக் கிடையாது. அந்தத் தடுமாற்றம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு தொகை.

நீலசந்திராவைப் பார்ப்பவர்கள் அதை அயல் மண் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு பக்கம் ஆஸ்டின் டவுன், ஒரு பக்கம் விவேக் நகர், எட்டிப் பார்த்தால் ஈஜிபுரா, அதற்கு அப்பால் கோரமங்கலா. காய்கறிக் கடையில் தமிழ், கறிக்கடையில் உருது, ஆட்டோ ஸ்டாண்டில் இரண்டும் கலந்த ஒரு மூன்றாவது மொழி. வியாழக்கிழமைகளில் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்குப் போகும் கூட்டத்தில் மதம் பார்த்துப் பிரிக்க முடியாது. கட்டட வேலை, பெயிண்டிங், தச்சு வேலை, கோரமங்கலா வீடுகளில் சமையல் என்று நகரத்தின் மேனி பளபளக்க உழைப்பவர்கள் இங்கிருந்துதான் காலையில் கிளம்புகிறார்கள். அண்டை மாநிலம்தானே, அதே ரூபாய், அதே அரசியல் சட்டம். ஆனாலும் அரசாங்க அலுவலகத்தின் படியேறும்போது மட்டும் இது வெளிநாடாகி விடுகிறது. விசா கொடுப்பவர் புரோக்கர்.

இந்த ஊருக்குத் தமிழர்கள் வந்தது நேற்றல்ல. 1809இல் ஆங்கிலேயர்கள் பெங்களூரில் ராணுவக் கண்டோன்மென்டை அமைத்தபோது, சென்னைப் படையோடு சிப்பாய்களும் சமையல்காரர்களும் வண்ணார்களும் கொத்தனார்களும் வியாபாரிகளும் வந்து சேர்ந்தார்கள். மைசூர் மகாராஜாவின் நகரம் ஒரு பக்கம், ஆங்கிலேயரின் ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ இன்னொரு பக்கம் என இரண்டு பெங்களூர்கள் இருந்தன. கண்டோன்மென்ட் மைசூர் சமஸ்தானத்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது 1947 ஜூலையில்தான். 1949இல் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. கண்டோன்மென்டிலும் அதை ஒட்டிய கிராமங்களிலும் குடியிருந்த தமிழர்கள் இடம் பெயரவில்லை. அவர்களைச் சுற்றி இருந்த ஆட்சிதான் பெயர்ந்தது.

இந்த வரலாறு ஏதோ ஆராய்ச்சி மாணவருக்கான சங்கதி என்று நினைத்தால் தவறு. ஒரு பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைப்பது இதைப் பொறுத்தது. அரசியல் சட்டத்தின் 341ஆவது பிரிவின்படி தாழ்த்தப்பட்ட சாதிகளின் பட்டியலைக் குடியரசுத் தலைவர் வெளியிட்டது 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த மாநிலத்தின் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு 1990இல் தீர்ப்பளித்தது. 2018இல் இன்னொரு அமர்வும் அதையே உறுதி செய்தது. ‘ஆதி திராவிடர்’ என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது, கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் பெயர் இருந்தால் போதாது. 1950இல் உங்கள் குடும்பம் எங்கே குடியிருந்தது என்பதுதான் கேள்வி.

இங்கேதான் சட்டம் முடிந்து சந்தை தொடங்குகிறது. ராணுவ அதிகாரி வீட்டில் சமையல் வேலை பார்த்த தாத்தா 1950இல் பெங்களூரில் இருந்தார் என்பதற்கு எந்தக் காகிதம் சாட்சி? கூலிக்காரரின் பெயரில் கந்தாய ரசீது இருக்காது. பள்ளிக்கூடத்தில் அவர் சேரவே இல்லை. பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் அந்தக் குடிசைகளில் அன்று இல்லை. அதிகாரி நேர்மையானவராக இருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரித்து, பழைய கல்லறைப் பதிவேட்டையோ தேவாலயப் பதிவேட்டையோ பார்த்து ஒரு முடிவுக்கு வருவார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பெயரை நீலசந்திரா வருஷக்கணக்கில் மறப்பதில்லை. இல்லாவிட்டால், சந்தேகமே அவருடைய சரக்கு. உரியதைக் கேட்டு வந்தவரை, உரிமையில்லாததை வாங்க வந்தவர்போல உட்கார வைத்துவிட்டால் போதும். பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர் அது தன் உரிமை என்று சொல்ல முடியாமல் போய்விடுகிறது. தான் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே கடைசிவரை நினைக்கிறார். கொடுத்த பணத்தைவிட இது பெரிய இழப்பு.

புரோக்கர் என்பவர் யார்? பெரும்பாலும் நம்மவர். தமிழ் பேசுவார், ‘அண்ணா’, ‘அக்கா’ என்று முறை வைத்துக் கூப்பிடுவார், கன்னடப் படிவத்தை மளமளவென்று நிரப்புவார். அவர் செய்வது மொழிபெயர்ப்பு. மனுதாரரின் தேவையைக் கன்னடத்திலும், குமாஸ்தாவின் தேவையைத் தமிழிலும் சொல்கிறார். ‘மேலே கொடுக்கணும்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் எத்தனை மேசைகள் அடங்கியிருக்கின்றன என்பது அவருக்குத்தான் தெரியும். சொந்த ஊரில் லஞ்சம் கொடுப்பவன் திட்டிக்கொண்டே கொடுக்கிறான். அயலூரில் கொடுப்பவன் நன்றி சொல்லிக் கொடுக்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசமல்ல. திட்டுபவன் என்றைக்காவது புகார் எழுதுவான்.

வீட்டு விஷயமும் இப்படித்தான். பெங்களூரில் சொத்துக்கு ‘காத்தா’ வேண்டும், அதாவது மாநகராட்சிப் பதிவேட்டில் பெயர். அதில் இரண்டு ஜாதி: ஏ காத்தா, பி காத்தா. விதிமுறைப்படி அங்கீகாரம் பெறாத இடங்கள் எல்லாம் ‘பி’ பதிவேட்டில். வரி மட்டும் தவறாமல் வசூலாகும், வங்கிக் கடனும் கட்டட அனுமதியும் கேட்டால் கதவு சாத்தியிருக்கும். சந்துக்குள் சந்தாகக் கட்டிய வீடுகளுக்கு இது எவ்வளவு பெரிய திண்டாட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘பி’யிலிருந்து ‘ஏ’வுக்கு ஏறும் படிகளின் ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்பது நகரமே சொல்லும் நகைச்சுவை.

லஞ்சத்தை எதிர்ப்பதில் கர்நாடகம் பின்தங்கிய மாநிலம் என்று சொன்னால் அநியாயம். லோகாயுக்தா சட்டத்தை 1984இலேயே நிறைவேற்றிய மாநிலம் இது. நீதிபதி வெங்கடாசலா 2001க்குப் பிறகு அரசு அலுவலகங்களுக்குள் அதிரடியாக நுழைந்ததை டிவியில் பார்த்து மக்கள் கைதட்டினார்கள். அடுத்து வந்த நீதிபதி சந்தோஷ் ஹெக்டே 2011 ஜூலையில் தாக்கல் செய்த சுரங்க ஊழல் அறிக்கை, மாநிலத்துக்கு ரூ 16,085 கோடி இழப்பு என்று கணக்குச் சொன்னது. அந்த மாதக் கடைசி நாளில் முதல்வர் எடியூரப்பா ராஜினாமா செய்தார். (சுரங்க நன்கொடை தொடர்பான வழக்கிலிருந்து 2016இல் சி.பி.ஐ. நீதிமன்றம் அவரை விடுவித்தது.) அதே 2011இல் பெங்களூர் மாநகராட்சியின் மூன்றே மூன்று கோட்டங்களில் ரூ 1,539 கோடி அளவுக்குப் போலி பில்கள் என்று மாநகராட்சியின் சொந்தக் கண்காணிப்புப் பிரிவே வெளிப்படுத்தியது. போடாத சாலைக்கும் தோண்டாத சாக்கடைக்கும் பணம் பட்டுவாடா ஆகியிருந்தது என்பது குற்றச்சாட்டு.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2015இல் லோகாயுக்தா அலுவலகத்தின் பெயரைச் சொல்லியே பணம் பறித்ததாக லோகாயுக்தாவின் மகன்மீதே வழக்கு. தந்தை அந்த ஆண்டு டிசம்பரில் பதவி விலகினார். 2016இல் ஊழல் தடுப்புப் பிரிவு என்று ஒன்றை அரசு தனியாக உருவாக்கியது. 2022இல் அதைப் பார்த்து ‘வசூல் மையம்’ என்ற பொருளில் கடுமையாகப் பேசினார் உயர் நீதிமன்ற நீதிபதி சந்தேஷ். அவர் அப்போது விசாரித்துக்கொண்டிருந்தது பெங்களூர் நகர மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ரூ 5 லட்சம் லஞ்சம் வாங்கியதாகக் கைதான துணைத் தாசில்தாரின் ஜாமீன் மனு. சில நாட்களில் அந்த மாவட்டத்தின் ஐ.ஏ.எஸ். அதிகாரியும் கைது செய்யப்பட்டார். தன்னை இடமாற்றம் செய்துவிடுவார்கள் என்று தனக்கே மிரட்டல் வந்ததாக நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தத் தடுப்புப் பிரிவையே ரத்து செய்தது. ஒரு உயர் நீதிமன்ற நீதிபதிக்கே இந்த அனுபவம் என்றால், ‘யாவ ஊரு?’ என்று கேட்டால் வாயடைத்துப் போகிறவர் என்ன செய்வார்?

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2012 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் அமலான ‘சகாலா’ திட்டப்படி ஒவ்வொரு சேவைக்கும் கெடு நாள் உண்டு. தாமதமானால் நாள் ஒன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு. நல்ல சட்டம். ஆனால் அது தண்டிப்பது தாமதத்தைத்தான், ‘இன்னொரு ஆதாரம் கொண்டு வா’ என்று திருப்பி அனுப்புவதை அல்ல. ஆதாரமே பிரச்னையாக உள்ளவர்களுக்கு அந்தக் கடிகாரம் ஓடுவதே இல்லை. ‘ஐ பெய்ட் எ பிரைப்’ என்ற பெயரில் கொடுத்த லஞ்சத்தைப் பெயர் சொல்லாமல் பதிவு செய்யும் முயற்சியை 2010இல் ஜனாக்கிரகா அமைப்பு தொடங்கியதும் இதே பெங்களூரில்தான். வேறு நாடுகளும் அதைப் பின்பற்றின. ஆனால் லஞ்சம் கொடுத்ததை வெளியே சொல்ல ஒரு தைரியம் வேண்டும். நாளைக்கும் அதே ஜன்னலுக்குத்தான் போக வேண்டும் என்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

தைரியம் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் 1991 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியான அடுத்த நாளே பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஓடினார்கள். அதே ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. 18 ஆண்டுகள் கழித்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து அதைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் மறுபடி காவிரி, மறுபடி எரியும் பஸ்கள். மற்ற நாட்களில் கன்னடக்காரரும் தமிழரும் ஒரே பெஞ்சில் டீ குடிக்கிறார்கள் என்பதும் உண்மைதான், இருவரிடமும் லஞ்சம் வாங்கப்படுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் அலுவலகத்தில் குரலை உயர்த்தலாமா என்று யோசிக்கும்போது ஒருவருக்கு வராத நினைவு இன்னொருவருக்கு வருகிறது.

கடல் தாண்டிய தமிழர்களோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மலேசியாவின் அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி-யிலிருந்து 450 கோடி டாலருக்கு மேல் சுருட்டப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. அப்போது கோலாலம்பூர் உணவகங்களில் வேலை பார்த்த தமிழ்நாட்டுச் சமையல்காரர்கள் அதை டிவியில் பார்த்தார்கள், அவ்வளவுதான். வேலை பெர்மிட் முதலாளியின் கையில், ஓட்டு இல்லை. ஓட்டு இருந்த மலேசியத் தமிழர்கள், மற்றவர்களோடு சேர்ந்து 2018 மே 9ஆம் தேதி 1957 முதல் ஆண்ட கூட்டணியை வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்னாள் பிரதமர் நஜிப் 2022 ஆகஸ்டில் சிறைக்குப் போனார். நீலசந்திராக்காரர் இந்த இருவருக்கும் நடுவில் நிற்கிறார். ஓட்டு இருக்கிறது. ஆனால் பெர்மிட்டில் வந்தவர்போல நடந்துகொள்கிறார்.

அந்த ஓட்டுக்கும் உள்ளூரில் வேலை இல்லாமல் போய்விட்டது. வார்டு கவுன்சிலர் என்பவர் குறைந்தபட்சம் வீட்டு வாசலில் போய் நின்று கத்தக்கூடிய ஆள். பெங்களூர் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது, அப்போதும் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவரும் இல்லை. ஐந்து ஆண்டுகள் நகரத்தை நடத்தியவர்கள் அதிகாரிகள். கவுன்சிலர் இல்லாத இடத்தில் மக்கள் தேடிப் போனது யாரை என்று சொல்லவும் வேண்டுமா?

நீலசந்திராவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஈஜிபுராவில் ஒரு நிலம் இருக்கிறது. சுமார் பதினைந்தரை ஏக்கர். 1990களின் தொடக்கத்தில் மாநகராட்சி அங்கே ஏழைகளுக்காக 42 பிளாக்குகள், 1,512 வீடுகள் கட்டியது. ‘ஈ.டபிள்யூ.எஸ். குவார்ட்டர்ஸ்’ என்று பெயர். குடியேறியவர்களில் தலித்துகள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், ஏராளமான தமிழர்கள். அரசாங்கமே கட்டிக் கொடுத்த வீடு, அயலூரில் கிடைத்த முதல் சுவர். அந்தச் சுவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. 2003இல் ஒரு பிளாக் இடிந்தது, 2007இல் மேலும் சில. நூறு வருஷத்துக்கு முந்தைய கண்டோன்மென்ட் வீடுகள் நிற்கும் ஊரில் இது. சிமென்டில் எவ்வளவு மணல் கலந்தது, யார் கையெழுத்துப் போட்டுத் தரத்துக்கு உத்தரவாதம் கொடுத்தார்கள் என்ற கேள்விகள் அப்போதே எழுந்தன. ஆபத்து என்று சொல்லி மிச்சமிருந்த பிளாக்குகளும் அகற்றப்பட்டன. குடியிருந்தவர்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளுக்கு மாறினார்கள்.

அதற்குள் கோரமங்கலாவில் நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. தனியார் பங்களிப்பில் திட்டம் வந்தது: ஏறக்குறைய பாதி நிலத்தில் மேவரிக் ஹோல்டிங்ஸ் நிறுவனம் வணிக வளாகம் கட்டிக்கொள்ளும், மறு பாதியில் ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும். 2012இல் உயர் நீதிமன்றமும் வழிவிட்டது. 2013 ஜனவரி மூன்றாம் வாரத்தில், பள்ளித் தேர்வுகளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, போலீஸ் பாதுகாப்போடு புல்டோசர்கள் நுழைந்தன. நாலே நாளில் கொட்டகைகள் தரைமட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

அப்போது எழுந்த வாதம் யார் அசல், யார் நகல் என்பது. ஆரம்பத்தில் ஒதுக்கீடு பெற்றவருக்கு மட்டும்தான் புது வீடு. ஆனால் வாடகைக்கு வந்தவர்கள், வெறும் பத்திரத்தாளில் எழுதி விலைக்கு வாங்கியவர்கள், ஒதுக்கீட்டாளர் இறந்தபின் பெயர் மாற்றாத வாரிசுகள் என்று பலர் அங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருந்தார்கள். பெயர் மாற்ற ஆன செலவுக்குப் பயந்து மாற்றாமல் விட்டவர்கள், அதனாலேயே வீட்டை இழந்தார்கள். இடிந்து விழும் கட்டடத்தைக் கட்டியவர்களிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. அதில் குடியிருந்தவர்களிடம் கேட்டார்கள்.

சில குடும்பங்கள் நகரத்தின் விளிம்பில், சர்ஜாபுரா சாலைப் பக்கம் சூளிகுண்டெவுக்கு அனுப்பப்பட்டன. வீட்டு வேலை கோரமங்கலாவில், வீடு அத்தனை தூரத்தில் என்றால் பஸ் கட்டணத்துக்கே சம்பளம் சரியாகிவிடும். எனவே பல குடும்பங்கள் நகரவில்லை. தாங்கள் வாழ்ந்த நிலத்தைச் சுற்றி எழுப்பிய தடுப்பை ஒட்டி, நடைபாதையிலேயே பிளாஸ்டிக் ஷீட் கட்டி வருஷக்கணக்கில் இருந்தார்கள். மழைக்கும் எலிக்கும் நடுவில் குழந்தைகள் வளர்ந்தார்கள், சிலர் பத்தாம் வகுப்பு எழுதினார்கள்.

அவர்களுக்கும் சான்றிதழ்கள் வேண்டியிருந்தன: வருமானம், சாதி, இருப்பிடம். விண்ணப்பத்தோடு முகவரிக்கு ஆதாரம் இணைக்க வேண்டும். 2013க்கு முன் வாங்கிய வாக்காளர் அட்டையில் இருந்ததோ, ஈஜிபுரா குவார்ட்டர்ஸ், இல்லாமல் போன ஒரு பிளாக்கின் எண்.